பிராகாவில் நான்கு நாள்: எங்கே என்பதைவிட எத்தனை மணிக்கு

கேள்வி இது: மே மாத நடுவில் நான்கு நாள் செக் குடியரசின் தலைநகர் பிராகா (ப்ராக்). இரண்டு பேர். ஒருவர் சைவம், முட்டை மட்டும் உண்டு. மற்றவர் கோழி, மீன் சாப்பிடுவார். மாடும் பன்றியும் வேண்டாம். பழைய நகரம், உள்ளூர்ச் சாப்பாடு, பீர், இரவு வாழ்க்கை எல்லாம் பார்க்க வேண்டும். எதை எப்போது பார்ப்பது, எங்கே ஏமாறுவோம்?

பிராகாவில் ஏமாறுவதும் நெரிசலில் சிக்குவதும் பெரும்பாலும் ஒரே கோட்டில்தான் நடக்கும். வெடிமருந்துக் கோபுரம், பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம், நெருதா தெரு, கோட்டை. செக் அரசர்கள் முடிசூட ஊர்வலம் போன வழி இது. பார்க்க வேண்டியதில் பாதி இந்தக் கோட்டில் இருப்பதால் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஆனால் அங்கே காலையிலும் இரவிலும் போங்கள். சாப்பிடுவது, பணம் மாற்றுவது, தங்குவது மூன்றையும் அந்தக் கோட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மே நடுவில் சூரியன் காலை 5.15-க்கே வந்துவிடும், மாலை 8.40 வரை இருக்கும். அந்த நீண்ட பகலைப் பயன்படுத்தத் தெரிந்தால் நான்கு நாள் தாராளம்.

விசா பற்றி இரண்டு வரி. இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் நேரம் கேட்டால் கிடைப்பது சிரமம், பிப்ரவரியிலேயே ஆரம்பியுங்கள். நம் ஊர் தடித்த மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் நுழையும், மின்சாரம் அதே 230 வோல்ட்.

தங்க வினோஹ்ரடி பகுதியைச் சொல்வேன். பச்சை மெட்ரோவில் நாம்யெஸ்தி மீரு, யிர்ஷீஹோ ஸ் பொத்யெப்ரட் என்ற இரண்டு நிலையங்களைச் சுற்றிய தெருக்கள். மையத்துக்கு ஐந்தே நிமிடம், சுற்றிலும் உள்ளூர்க்காரர்களின் உணவகங்கள். கர்லீன், மஞ்சள் மெட்ரோவில், அடுத்த தேர்வு. பழைய நகரத்துக்குள், குறிப்பாக ட்லோஹா தெருப் பக்கம், வெள்ளி சனி இரவுகளில் குடித்தவர்களின் பாட்டுக் கச்சேரி விடியும்வரை ஓடும். அறை மலிவாகத் தெரிந்தாலும் தூக்கம் போய்விடும். விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா (செக் நாணயம்) நகர வரி தனியாகக் கேட்டால் அது ஏமாற்று இல்லை.

பணம்

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோ நாடு அல்ல. நாணயம் கொருனா. சில கடைகள் யூரோ வாங்கிக்கொள்ளும், ஆனால் விகிதம் அவர்கள் போட்டது. ஏறக்குறைய எல்லா இடத்திலும் கார்டு தட்டினால் போதும். பழைய பீர்க் கடை, கழிப்பறை, கோட் மாட்டும் இடம் இவற்றுக்காக ஆளுக்கு 1,000 கொருனா ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆயிரத்தை எடுக்கும்போதுதான் முதல் குழி. சுற்றுலாப் பகுதிகளில் மூலைக்கு மூலை தனியார் பண இயந்திரங்கள் நிற்கும். கார்டைப் போட்டதும், “உங்கள் நாட்டு நாணயத்தில் இவ்வளவு கழியும், உறுதியான விகிதம்” என்று திரையில் வரும். அந்த விகிதத்தில்தான் அவர்கள் லாபம் இருக்கிறது. “மாற்றத்தை மறு” என்ற பொத்தானை அழுத்தினால் பணமே வராது என்று பயந்து பலர் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். மறுத்தாலும் பணம் வரும், உங்கள் வங்கியின் விகிதத்தில் கழியும், அவ்வளவுதான். வங்கிக் கிளைச் சுவரில் பதிந்த இயந்திரங்களையே தேடுங்கள்: செஸ்கா ஸ்போர்ஷிடெல்னா, சேஎஸ்ஓபி, கொமெர்ச்னி பாங்கா. கடையில் கார்டு இயந்திரம் ரூபாயா கொருனாவா என்று கேட்டாலும் பதில் ஒன்றே: கொருனா.

ரொக்க யூரோவை மாற்றியே ஆக வேண்டுமானால், கொடுப்பதற்கு முன் “எனக்குக் கையில் எத்தனை கொருனா வரும்” என்று கேட்டு எண்ணை எழுதி வாங்குங்கள். அப்படியும் ஏமாந்தால் ஒரு வழி இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் சட்டப்படி, 1,000 யூரோ மதிப்புக்குள் மாற்றியதை 3 மணி நேரத்துக்குள் ரசீதோடு அதே கடைக்குப் போய் ரத்துசெய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ரசீதை எறிந்துவிட்டால் அந்த வழியும் அடைந்துவிடும்.

தெருவில் ஒருவர் வந்து நல்ல விகிதம் தருகிறேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். மதிப்பிழந்த பெலாரஸ் ரூபிள் கட்டைக் கையில் திணிப்பது அங்கே பழகிப்போன தந்திரம். உண்மையான 100 கொருனா தாளில் நான்காம் சார்லஸின் முகம் இருக்கும். அவர் கட்டத் தொடங்கிய பாலத்தில்தான் நாளைக் காலை நடக்கப்போகிறீர்கள்.

ஊருக்குள் நகர்வது

விமான நிலையத்திலிருந்து 59 எண் டிராலிபஸ் நாட்ரஜி வெலெஸ்லவீன் வரை போகும், அங்கே பச்சை மெட்ரோ. சாதாரண நகர டிக்கெட்டே போதும், 90 நிமிட டிக்கெட் எடுத்தால் விடுதி வரை வந்துவிடலாம். டாக்ஸி என்றால் ஊபர், போல்ட் செயலியில் விலை பார்த்து ஏறுங்கள். தெருவோரம் நிற்கும் வண்டியில் ஏற வேண்டாம்.

நான்கு நாளுக்கு ஒரு 72 மணி நேர டிக்கெட்டும் அதன் மேல் ஒரு 24 மணி நேர டிக்கெட்டும் எடுத்தால் கணக்கு சரி. மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது, அதனால் இலவசம் போலத் தோன்றும். காகித டிக்கெட்டை முதல் பயணத்தில் ஒரே ஒரு தடவை மஞ்சள் பெட்டிக்குள் செருகி நேர முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் வாங்கிவிட்டோம் என்று குத்தாமல் போகிறவர்கள்தான் அதிகம் அபராதம் கட்டுவது. பரிசோதகர்கள் சாதாரண உடையில் படிக்கட்டின் அடியில் நிற்பார்கள், கெஞ்சினாலும் விடமாட்டார்கள். செயலியில் வாங்கினால் உயிர்பெற ஓரிரு நிமிடம் ஆகும், ஏறுவதற்கு முன்பே அழுத்துங்கள். டிராமுக்குள் இருக்கும் கார்டு இயந்திரத்தில் வாங்கிய டிக்கெட்டுக்கு மட்டும் முத்திரை தேவையில்லை.

நாம்யெஸ்தி மீரு நிலையத்தின் நகரும் படி 87 மீட்டர் நீளம். வேகமும் அதிகம். வலது பக்கம் நின்று இடது பக்கம் விடுங்கள், பெட்டியை மேல்படியில் வைக்காதீர்கள்.

முதல் நாள்: பாலமும் கடிகாரமும்

சார்லஸ் பாலத்துக்குக் காலை 5.30-க்குப் போங்கள். பத்து மணிக்கு மேல் அதே பாலம் கோயில் திருவிழாக் கூட்டம். 1357-இல் கட்டத் தொடங்கியது, 516 மீட்டர், 16 வளைவுகள், இருபுறமும் 30 சிலைகள். அடிக்கல் 1357-ஆம் ஆண்டு 9-ஆம் தேதி 7-ஆம் மாதம் 5 மணி 31 நிமிடத்துக்கு நாட்டப்பட்டது என்று சொல்வார்கள். எண்களை வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1, முன்னும் பின்னும் ஒன்றே. சோதிடர் குறித்த முகூர்த்தம் என்பது கதை. நமக்கு அந்த மனநிலை புரியாததல்ல.

சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள், மழையும் புகையும் அரித்ததால் அசல்களை உள்ளே எடுத்துவிட்டார்கள். 1683-இல் வைத்த நெபோமுக் யோவான் சிலை வெண்கலம், அசல். 1393-இல் அரசன் ஆணையால் ஆற்றில் தள்ளப்பட்ட பாதிரியார் அவர். பீடத்தில் இரண்டு புடைப்புத் தகடுகள், தொட்டால் நல்லது என்ற நம்பிக்கையில் பல தலைமுறைக் கைகள் பட்டு ஓரிரு உருவங்கள் மட்டும் தங்கமாக மின்னும், மற்ற உலோகம் கறுத்திருக்கும். கூட்டம் இருக்கும்போது தொடப் போனால் பையை முன்பக்கம் மாட்டுங்கள். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் இடத்தில்தான் ஜேப்படிக்காரருக்கு வேலை.

பாலத்திலிருந்து நடந்து பழைய நகரச் சதுக்கத்துக்கு வந்தால் 1410-இல் செய்த வானியல் கடிகாரம். காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கு ஒரு தடவை அப்போஸ்தலர் பொம்மைகள் இரண்டு சன்னல்களில் வந்து போகும். எலும்புக்கூடு கயிறை இழுத்து மணியடிக்கும், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்காக இருபது நிமிடம் முன்பிருந்து நிற்பவர்கள் “இவ்வளவுதானா” என்று கலைவார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது பொம்மைகளை அல்ல, முகப்பை. தங்கக் கை ரோம எண்ணில் காட்டுவது இன்றைய மணி. அதற்கு வெளியே கறுப்பு வளையத்தில் 1 முதல் 24 வரை பழைய எழுத்தில் தங்க எண்கள். அது பழைய செக் நேரம், சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணுவது. மறையும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் அந்த வளையமே நகர்ந்துகொடுக்கும். உள்ளே மையம் விலகிச் சுற்றும் சிறு வளையத்தில் மேஷம் முதல் மீனம் வரை பன்னிரண்டு ராசி, அதில் சூரியன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை வாசிக்கப் பத்து நிமிடம் போதும். மணி 9.10-க்கு வந்தால் முன்னால் ஆளே இருக்காது.

அங்கேயே நகர மண்டபச் சுவரோரம் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21 அன்று அந்த இடத்தில் தலை துண்டிக்கப்பட்ட, தூக்கிலிடப்பட்ட 27 கிளர்ச்சித் தலைவர்களுக்கு. பலர் அவற்றின் மேல் நின்றே கடிகாரத்தைப் படம் எடுப்பார்கள்.

மதியத்துக்கு மேல் யோசெஃபோவ், பழைய யூதக் குடியிருப்பு. சனிக்கிழமை மூடியிருக்கும், திட்டம் போடும்போது முதலில் இதைப் பாருங்கள். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள்: குடும்பப் பெயர் சிவப்பில், பிறந்த தேதி, கடைசியாக உயிரோடு இருந்த தேதி. பக்கத்திலேயே பழைய கல்லறை. இடம் போதாமல் மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்ததால் சுமார் 12,000 கற்கள் ஒன்றையொன்று சாய்த்துக்கொண்டு நிற்கின்றன.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு வந்தால் யான் பலாக் சதுக்கம். 1968 சோவியத் படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் வென்செஸ்லஸ் சதுக்கத்தில் தீக்குளித்த மாணவர் பலாக். அவர் படித்த சார்லஸ் பல்கலைக்கழகக் கலைப்புலக் கட்டடம் அந்தச் சதுக்கத்தில்தான் இருக்கிறது. சங்கப் பாடல்களையும் தமிழ் இலக்கிய வரலாற்றையும் மேலை உலகுக்கு எடுத்துச்சென்ற கமில் சுவெலபில் பிராகாவில் பிறந்து அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1968-க்குப் பிறகு நாட்டை விட்டுப் போனார். சுற்றுலாக் கையேடுகளில் இது இருக்காது.

இரண்டாம் நாள்: கோட்டை

எல்லோரும் செய்யும் பிழை நெருதா தெரு வழியாகச் செங்குத்தாக ஏறி மூச்சுவாங்குவது. 22 எண் டிராமில் ஏறி பொஹொர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கோட்டை இறக்கத்தில் இருக்கிறது. இறங்கும் இடத்தருகே ஸ்ட்ரஹோவ் மடம், அதன் தோட்ட ஓரத்திலிருந்து நகரம் முழுக்கத் தெரியும். 22 டிராமிலும் ஜேப்படி உண்டு.

கோட்டை வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை, உள்ளே சில கட்டடங்களுக்கு மட்டும்தான் டிக்கெட். அந்த டிக்கெட் இரண்டு நாள் செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோடையில் கட்டடங்கள் 9 முதல் 5 வரை. 9-க்கு முதல் ஆளாகப் புனித வீட்டஸ் பேராலயத்துக்குள் போய்விடுங்கள். ஞாயிறு காலை வழிபாடு, பார்வையாளருக்கு நண்பகலுக்குப் பிறகுதான். 1344-இல் தொடங்கிய பேராலயத்தை முடித்தது 1929-இல். கிழக்குப் பாதி இடைக்காலத்தது, மேற்குப் பாதி நவீன காலத்தது. இடப்பக்கம் மூன்றாவது சன்னலில் செக் ஓவியர் அல்போன்ஸ் முகா வரைந்த கண்ணாடி இருபதாம் நூற்றாண்டு. காலை வெயில் எதிர்ப்புறமிருந்து வரும், அப்போது வண்ணங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

பழைய அரண்மனையில் விளாதிஸ்லாவ் மண்டபம். குதிரைகளோடு உள்ளே வந்து ஈட்டிப்போட்டி நடத்துவார்கள், அதற்காகப் படிகளை அகலமாகவும் தாழ்வாகவும் கட்டியிருக்கிறார்கள். அதையொட்டிய அறைச் சன்னல் வழியாகத்தான் 1618 மே 23 அன்று கிளர்ந்தெழுந்த புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் அரசப் பிரதிநிதிகள் இருவரையும் எழுத்தரையும் வெளியே தூக்கியெறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள், ஐரோப்பா முப்பது ஆண்டு போரில் எரிந்தது.

தங்கச் சந்து என்ற குட்டி வீடுகளின் வரிசையில் 22-ஆம் எண் வீட்டில் காஃப்கா 1916-17-இல் எழுதினார். பகலில் அங்கே நிற்க இடம் இருக்காது. காட்சிநேரம் முடிந்த பிறகு மாலையில் போனால் சந்தில் டிக்கெட் இல்லாமல் நடக்கலாம், வீடுகளின் உள்ளே மட்டும் போக முடியாது. இறங்கும்போது பழைய கோட்டைப் படிகள் வழியாக மலொஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோவுக்கு வந்துவிடலாம். நாள் முழுக்கக் கருங்கல் பாவிய தெரு, அடிப்பகுதி தடித்த ஷூ போடுங்கள்.

சாப்பாடு

செக் சாப்பாடு இறைச்சியும் மாவும் குழம்பும். ஸ்வீச்கோவா என்றால் கேரட், செலரி வேர் அரைத்துக் கிரீம் சேர்த்த குழம்பில் மாட்டிறைச்சி. குலாஷும் பெரும்பாலும் மாடுதான். உங்களில் அசைவர் தெரிந்துவைக்க வேண்டிய சொற்கள்: ஹொவ்யெஸீ மாடு, வெப்ர்ஷொவே பன்றி, ஷுன்கா பன்றித் தொடை, ஸ்லனினா உப்பிட்ட பன்றி, சாட்லோ பன்றிக் கொழுப்பு. ஆபத்தில்லாதவை குர்ஷெட்ஸீ கோழி, கஹ்னா வாத்து, ப்ஸ்த்ரூ என்ற ஆற்றுமீன். வாத்து வறுவலை சிவப்பு முட்டைக்கோசும் க்னெட்லீக்கியும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். க்னெட்லீக்கி என்பது வேகவைத்த மாவு உருளையை நூலால் துண்டு போட்டது. தனியாகத் தின்றால் சப்பென்றிருக்கும், குழம்பை உறிஞ்சத்தான் அது.

சைவருக்கு ஒரு பீர்க் கடையில் உறுதியாகக் கிடைப்பது ஸ்மஜெனீ சீர்: ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டித் துண்டு, உருளைக்கிழங்கு, டார்டார் சாஸ். உள்ளே பன்றித் தொடை வைத்த வகையும் உண்டு என்பதால் “பெஸ் ஷுன்கி” என்று சொல்லிவிடுங்கள். பிரம்போராக் என்ற உருளைக்கிழங்கு அடை பூண்டும் மர்ஜோரமும் மணக்கும், நம் நாக்குக்குப் பிடிக்கும்; எதில் பொரிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும், சில இடத்தில் சாட்லோ. சூப் பார்வைக்குச் சைவமாக இருந்தாலும் அடிநீர் எலும்புச்சாறாக இருக்கலாம். காளான், உருளை, சோயிக்கீரை, முட்டை போட்ட குலாய்தா அருமையான சூப், ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகே. இனிப்பு க்னெட்லீக்கிக்குள் பழம் வைத்து மேலே தயிர்க்கட்டியும் வெண்ணெயும் போடுவார்கள். அதுவே ஒரு முழுச் சாப்பாடு.

உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் 1, 3, 7 என்று எண்கள் இருக்கும். ஒவ்வாமைக் குறி அவை, ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலின் வரிசை: 1 கோதுமை போன்ற தானியம், 2 இறால் நண்டு, 3 முட்டை, 4 மீன், 7 பால், 14 சிப்பி. இதை வைத்து முட்டையும் மீனும் கண்டுபிடிக்கலாம். ஆனால் இறைச்சி ஒவ்வாமைப் பட்டியலில் கிடையாது, எண்ணைப் பார்த்துச் சைவம் என்று முடிவுசெய்யாதீர்கள். “பெஸ்மசா யீட்லா” என்ற தலைப்பு இருந்தால் அதன் கீழ் உள்ளவை இறைச்சி இல்லாதவை.

முழுச் சைவ இடம் வேண்டுமானால் பழைய நகரத்திலேயே மைத்ரேயா இருக்கிறது. பெயாஸ் டாபா கிளைகளில் வட இந்தியச் சைவம் எடைபோட்டு விற்பார்கள்; தட்டில் நிறைய சோறு எடுத்தால் சோற்றுக்குத்தான் காசு போகும், கூட்டும் பருப்பும் முதலில் எடுங்கள்.

வேலை நாட்களில் 11 முதல் 2 வரை உணவகங்களில் பொலெட்னி மெனு, மதியச் சாப்பாடு. நம் ஊர் அளவுச் சாப்பாட்டுக் கணக்குதான்: அன்றைக்குச் சமைத்த மூன்று நான்கு வகை, குறைந்த விலை. ஒன்றரைக்கு மேல் போனால் நல்லது தீர்ந்திருக்கும். முக்கியச் சாப்பாட்டை மதியம் முடித்துவிட்டு மாலையில் பீரோடு சிறுதீனி என்பது செலவையும் வயிற்றையும் காக்கும்.

இனி மூன்று பொறிகள். சதுக்கத்தில் கம்பியில் சுழலும் பன்றித் தொடைக் கடைகளில் பெரிதாகப் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கு. வெட்டுபவர் கேட்காமல் 350 கிராம் போட்டால் விலை மூன்றரை மடங்கு. நீங்கள் வாங்கப்போவதில்லை என்றாலும் இதே கணக்கு வேறு கடைகளிலும் வரும். இரண்டாவது, உணவகத்தில் கேட்காமல் மேசைக்கு வரும் ரொட்டிக் கூடை, தொட்டால் பில்லில் ஏறும். குழாய்த் தண்ணீருக்கும் காசு கேட்கலாம். சில இடத்தில் தண்ணீரைவிட பீர் மலிவு என்பது வெறும் நகைச்சுவை அல்ல. மூன்றாவது, தெருவெல்லாம் மணக்கும் டிர்டெல்னீக், கம்பியில் சுற்றிச் சுட்ட சர்க்கரை ரொட்டி. “பழைய பொகீமியப் பலகாரம்” என்று பலகை இருக்கும். சுற்றுலாவோடு வந்த பண்டம் அது. தின்னுங்கள், பாரம்பரியம் என்று மட்டும் நம்பாதீர்கள். உள்ளூர் இனிப்பு வேண்டுமானால் கேரமல் கிரீம் வைத்த வெட்ர்னீக் கேளுங்கள்.

பீர்க் கடை நடைமுறை

உள்ளே நுழைந்ததும் “டொப்ரீ டென்” (வணக்கம்) சொல்லுங்கள். மேசையில் “ரெசெர்வே” அட்டை இருந்தால் உட்காராதீர்கள்; பகிர்மேசை என்றால் கேட்டுவிட்டு உட்காரலாம். பரிமாறுபவர் வந்ததும் ஒரு விரல் காட்டினால் பீர் வரும். ஒரு காகிதத் துண்டில் கோடு போட்டு மேசையிலேயே வைப்பார், அதுதான் உங்கள் பில். அதில் கிறுக்கவோ கிழிக்கவோ வேண்டாம். கோப்பை காலியாகும்போது கேட்காமலே அடுத்தது வரும் கடைகள் உண்டு. போதுமென்றால் கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டையைக் கோப்பை மேல் வையுங்கள், அல்லது “ஸப்லாதீம்” என்று சொல்லுங்கள், பணம் கட்டுகிறேன் என்று பொருள்.

10, 12 என்ற எண்கள் போதை சதவீதம் அல்ல. நொதிப்பதற்கு முன் சாற்றில் இருந்த மால்ட் சர்க்கரையின் அளவு. பத்து சுமார் 4 சதவீத ஆல்கஹால், பன்னிரண்டு சுமார் 5. நான்கைந்து குடிக்கப்போகிறவர் பத்திலேயே நிற்பது நல்லது. 1842-இல் பில்சன் நகரத்தில் பிறந்த பொன்னிறப் பீரின் வழிவந்ததுதான் இன்று உலகம் குடிக்கும் லாகரில் பெரும்பகுதி. அதை ஆலையிலிருந்து தொட்டியில் கொண்டுவந்து, சூடுபடுத்திப் பதப்படுத்தாமல் தரும் கடைகள் பிராகாவில் உண்டு, “டாங்கோவ்னா” என்ற பலகையைத் தேடுங்கள்.

நுரையைப் பார்த்து அளவு குறைத்துவிட்டார் என்று சண்டைபோட வேண்டாம். ஹ்லடின்கா என்ற வழக்கமான ஊற்றில் முதலில் ஈரமான நுரை, அதன் அடியில் பீர். மேலே மூன்று விரல் நுரை நிற்கும். காற்று பட்டுச் சுவை கெடாமல் காப்பது அந்த நுரை. ஷ்னிட் என்றால் அதே கோப்பையில் பீர் குறைவு, நுரை அதிகம். ம்லீகோ, அதாவது பால், கோப்பை முழுக்க நுரை. இனிக்கும், நுரை உடைவதற்குள் இரண்டு மடக்கில் முடிக்க வேண்டும். சாதாரணக் கடையில் அரை லிட்டர் சுமார் 60 முதல் 80 கொருனா, சதுக்கத்தில் 100-ஐத் தாண்டும். 1499 முதல் நடக்கும் ஊ ஃப்லெகூ கறுப்புப் பீருக்குப் பேர்போன இடம். அங்கே தட்டில் கொண்டுவரும் சிறு மதுக் கோப்பைகள் விருந்து அல்ல, பில்லில் வரும். வேண்டாம் என்றால் “நே” போதும்.

டிப் 10 சதவீதம். மேசையில் விட்டுப்போவது வழக்கமில்லை. 450 பில் என்றால் கொடுக்கும்போதே “500” என்று மொத்தத் தொகையைச் சொல்வார்கள். ரொக்கத்தை நீட்டியபடி நன்றி சொன்னால் மீதி வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளப்படலாம். மீதி கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லுங்கள். 2017 முதல் உள்ளே புகைக்கத் தடை. வண்டி ஓட்டுபவர் ஒரு துளிகூடக் குடித்திருக்கக் கூடாது.

இரவு

மாலை 8-க்கு லெட்னா பூங்காவின் திறந்தவெளி பீர் தோட்டம், அல்லது விடுதியருகே ரீக்ரோவி சடி பூங்காவின் புல்சரிவு. இரண்டாவதில் கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கும். இரவு 9.30-க்குச் சார்லஸ் பாலத்துக்கு மறுபடியும் போங்கள், விளக்கெரியும் கோட்டை ஆற்றில் தெரியும்.

இசை என்றால் மே மாதம் பெரும் அதிர்ஷ்டம். செக் இசையமைப்பாளர் ஸ்மெதனா இறந்த நாளான மே 12 அன்று பிராகா வசந்த இசை விழா தொடங்கும், நல்ல இருக்கைகளுக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு. ருடோல்ஃபினும் அரங்கு செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் வீடு. 1787 அக்டோபர் 29 அன்று மொசார்ட் தானே நடத்தி “டான் ஜியோவானி” இசைநாடகம் அரங்கேறிய எஸ்டேட்ஸ் அரங்கம் இன்றும் நடக்கிறது. பழங்கால உடையில் தெருவில் டிக்கெட் விற்பவர்கள் தருவதும் கச்சேரிதான், ஆனால் சிறு குழு, எல்லோருக்கும் தெரிந்த துண்டுகள். அந்தக் காசுக்குப் பெரிய அரங்கின் மேல்மாடி இருக்கையே கிடைத்துவிடும். போட்டிருக்கும் கோட்டு, ஜாக்கெட்டுகளை அரங்க வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஜாஸுக்கு ஆற்றோர ஜாஸ் டாக், அல்லது 1957 முதல் நடக்கும் ரெடூட்டா. 1994-இல் அங்கேதான் பில் கிளிண்டன் சாக்ஸபோன் வாசித்தார், அன்றைய செக் அதிபர் ஹாவெல் உடனிருந்தார். ஆட வேண்டுமானால் வெள்ளி சனியில் லுசெர்னா மியூசிக் பார், 80-90களின் பாட்டு, உள்ளூர்க்காரர் கூட்டம். ஹொலெஷோவிட்செவின் கிராஸ் கிளப் பழைய இயந்திரத் துண்டுகளால் ஆன சுரங்கம் போன்ற இடம். குழாய்களும் சக்கரங்களும் சுவரில் அசைந்துகொண்டிருக்கும். பாலத்தடியில் ஐந்து மாடி என்று விளம்பரம் செய்யும் கிளப்பில் வரிசையும் சுற்றுலாக் கூட்டமும்தான் மிச்சம்.

வென்செஸ்லஸ் சதுக்கத்தில் நள்ளிரவில் “இலவச நுழைவு, பெண்கள்” என்று கையைப் பிடிப்பவர்களோடு போகவே போகாதீர்கள். உள்ளே ஒரு பானத்துக்கு வரும் பில்லில் விமான டிக்கெட்டே வாங்கலாம். போதைப்பொருள் விற்பவரும் அங்கேதான். கூட்டமாக ஒவ்வொரு பாராக அழைத்துப்போகும் ஏற்பாடுகளுக்கு 2024 நவம்பர் முதல் இரவு 10-லிருந்து காலை 6 வரை தடை. பத்துக்கு மேல் தெருவில் சத்தம் போட்டாலும் போலீஸ் வரும்.

மெட்ரோ நள்ளிரவு சுமாருக்கு நின்றுவிடும். அதன்பின் 91 முதல் 99 வரை எண்ணுள்ள இரவு டிராம்கள் லஸார்ஸ்கா நிறுத்தத்தில் ஒன்றுகூடும், அங்கே மாறி ஊரின் எந்தப் பக்கமும் போகலாம். அதே பகல் டிக்கெட் செல்லும். அவசரத்துக்கு 112.

மூன்றும் நான்கும்

மூன்றாம் நாளை மெதுவாக வையுங்கள், முந்தைய இரவு எப்படிப் போனதோ. சிவப்பு மெட்ரோவில் விஷெஹ்ராட் கோட்டை. அதன் கல்லறையில் ஸ்மெதனா, ட்வோர்ஷாக், முகா, “ரோபோ” என்ற சொல்லை உலகுக்குத் தந்த கரேல் சாப்பெக். ஆற்றைப் பார்த்த மதில்மேல் நடக்கலாம், கூட்டம் மிகக் குறைவு. சனிக்கிழமையானால் கீழே நாப்லவ்கா கரையில் உழவர் சந்தை.

நான்காம் நாள் குட்னா ஹோரா. பிரதான நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அந்த ஊரின் பிரதான நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடையில் செட்லெட்ஸ் எலும்புத் தேவாலயம். ஆயிரக்கணக்கானோரின் எலும்புகளை 1870-இல் ரின்ட் என்ற மரச்செதுக்கர் சரவிளக்காகவும் குலச்சின்னமாகவும் அடுக்கினார். 2020 முதல் உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. அதோடு திரும்பிவிடுபவர்கள் பாதி ஊரை விட்டுவிடுகிறார்கள். வெள்ளிச் சுரங்கத் தொழிலாளர் பணத்தில் 1388-இல் தொடங்கிய புனித பார்பரா ஆலயம் சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி, நகர நிலையத்துக்கு ஒரு குட்டி ரயில் போகும். உள்ளே வெள்ளை அங்கி போட்ட சுரங்கத் தொழிலாளியின் சிலை நிற்பதைத் தேடிப் பாருங்கள்.

கடைசி மாலை மிஞ்சிய கொருனாவைச் செலவழித்துவிடுங்கள், நாணயங்களை நம் ஊரில் யாரும் மாற்றித்தர மாட்டார்கள். பெகெரோவ்கா என்ற மூலிகை மது வாங்கினால் பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.